திறப்பு தொலைந்தால் வண்டி தொலைந்ததாகாது

திறப்பு ஒன்றின் பெறுமதியை எமது பெண்களுக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. இடம்பெயர்ந்தபோது வீட்டைப் பூட்டித் திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு நடந்தவர்கள் நாங்கள். பல காலத்தின் பின் திரும்பிப் போய்ப் பார்த்தபோது பூட்டும் இல்லை, கதவும் இல்லை. கையில் திறப்பு மட்டும் இருந்தது. அந்தத் திறப்பை இன்றும் சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்திருக்கின்ற அம்மாமார் எத்தனையோ பேர்.

இப்பொழுது எம்மில் சிலரின் கைப்பையில் வேறொரு வகைத் திறப்பு இருக்கின்றது. 2009ஆம் ஆண்டின் பின்னர் குடும்பப் பாரத்தைத் தனியே சுமக்க நேர்ந்த பெண்களில் ஒரு பகுதியினர் வாகனம் ஓட்டப் பழகிக்கொண்டார்கள். பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவர்கள், நோயாளரைக் கிளினிக்குக்குக் கொண்டுபோகிறவர்கள், கருவாடும் மரக்கறியும் ஏற்றிச் சந்தைக்குப் போகிறவர்கள் என்று எல்லோரும் இதற்குள் அடக்கம். நானும் அவர்களில் ஒருத்தி. எங்களுக்கு வாகனம் என்பது ஆடம்பரமல்ல, அடுப்பு எரிவதற்கான வழி. அந்த வாகனத்தின் திறப்பு ஒருநாள் இல்லாமல் போனால் என்ன செய்வது, யாரை நம்புவது, எதற்குப் பணம் கொடுப்பது, எதற்குக் கொடுக்கக்கூடாது என்பதை நாங்கள் அறிந்து வைத்திருக்க வேண்டும். எனது அனுபவத்தையும், அதன் மூலம் நான் கேட்டறிந்தவற்றையும் இங்கே எழுதுகின்றேன்.

இரும்புத்துண்டல்ல, அடையாள அட்டை

முன்னைய வாகனத் திறப்பு வெறும் இரும்புத்துண்டுதான். சந்தியில் திறப்பு வெட்டுபவரிடம் கொடுத்தால் அராவி அதேபோல் இன்னொன்று செய்து தருவார். இன்றும் முச்சக்கரவண்டிக்கும் பழைய வான்களுக்கும் இது போதும்.

இப்போதைய கார்களின் திறப்பு அப்படியல்ல. அதன் பிளாஸ்ரிக் தலைக்குள்ளே ஒரு சின்னஞ்சிறிய சிப் இருக்கின்றது. அந்தச் சிப்புக்கு ஓர் இலக்கம் உண்டு. திறப்பைத் துவாரத்துக்குள் போட்டுத் திருப்பும்போது, துவாரத்தைச் சுற்றியிருக்கும் கம்பிச்சுருள் அந்தச் சிப்பை விசாரிக்கும். சிப் தனது அடையாளத்தைச் சொல்லும். வாகனத்தின் நினைவில் பதிந்திருக்கும் அடையாளத்தோடு அது ஒத்துப்போனால் மாத்திரமே எஞ்சின் இயங்கும். ஒத்துப்போகாவிட்டால் இரும்பு சரியாகப் பொருந்தினாலும் எஞ்சின் வராது. இந்த ஏற்பாட்டைத்தான் இமோபிலைசர் என்கிறார்கள். சிப்புக்குத் தனியாகப் பற்றரி தேவையில்லை. விசாரிக்கின்ற கம்பிச்சுருளிலிருந்தே தனக்கு வேண்டிய சிறு சக்தியை எடுத்துக்கொள்ளும்.

இதற்கு அடுத்த படியில் இருப்பது, துவாரத்துக்குள் போடத் தேவையே இல்லாத திறப்பு. தீப்பெட்டி அளவில் கறுப்பாக இருக்கும். அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டே கதவைத் திறக்கலாம். பிரேக்கை மிதித்து ஒரு பொத்தானை அழுத்தினால் எஞ்சின் இயங்கும். ஏறத்தாழ ஒரு மீற்றர் தூரத்துக்குள் திறப்பு இருக்கின்றதா என்று வாகனம் கேட்கின்றது, ‘இருக்கின்றேன்’ என்று திறப்பு பதில் சொல்கின்றது, அவ்வளவுதான். இந்தப் பதிலைச் சொல்வதற்குப் பற்றரி வேண்டும்.

ஆக, திறப்பு இப்போது இரும்புத்துண்டாக இல்லாமல் ஓர் அடையாள அட்டையாக மாறிவிட்டது. சோதனைச் சாவடிகளில் பல ஆண்டுகள் நின்ற எங்களுக்கு இதை விளங்கிக்கொள்வது கடினமல்ல. ஆள் நாமேதான் என்றாலும் அட்டை இல்லாவிட்டால் விடமாட்டார்கள். இந்த வாகனங்களும் அப்படித்தான்.

இந்த ஏற்பாடு வந்ததற்குக் காரணம் களவு. 1990களின் ஆரம்பத்தில் ஐரோப்பாவில் கார்க் களவு பெரும் பிரச்சினையாக இருந்தது. கண்ணாடியை உடைத்து, வயர்களை ஒன்றோடொன்று தொட்டு எஞ்சினை இயக்கிக் கொண்டுபோய்விடுவார்கள். 1995இல் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு பணிப்புரையை வெளியிட்டு, 1998 ஒக்டோபரிலிருந்து புதிய கார்களுக்கு இமோபிலைசர் கட்டாயம் என்று ஆக்கியது. பின்னர் ஜப்பானிய வாகனங்களிலும் இது பரவலாகியது. எமது நாட்டில் ஓடுகின்ற வாகன்-ஆர், விட்ஸ், அக்குவா, ஃபிட் போன்ற வாகனங்களில் பல சிப் உள்ள திறப்போடு வந்தவைதான்.

கள்வனைத் தடுப்பதற்காக வந்த இதே ஏற்பாடுதான், திறப்பு தொலைந்த அன்று உரிமையாளரையும் வெளியே நிறுத்திவிடுகின்றது.

வற்றாப்பளையில் நடந்தது

சில வருடங்களுக்கு முன்னர் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்கு எமது கிராமத்திலிருந்து நான்கு பேரை ஏற்றிக்கொண்டு போயிருந்தேன். அதில் ஒருவர் எழுபத்தெட்டு வயதான ஆச்சி. அந்தக் கோயிலின் பொங்கல் சனத்தைப் பற்றி வன்னிப் பெண்களுக்குச் சொல்லத் தேவையில்லை. திரும்பி வரும் வழியில் தோளில் பாரம் குறைந்ததுபோல் இருந்தது. பார்த்தால் பையின் வார் மட்டும் தோளில் கிடந்தது. பிளேட்டால் அறுத்திருந்தார்கள். பையோடு அடையாள அட்டை, சாரதி அனுமதிப்பத்திரம், தொலைபேசி, காரின் திறப்பு எல்லாம் போய்விட்டன.

கார் வயல்வெளியில் நின்றது. நாங்கள் ஐந்து பேரும் அதைச் சுற்றி நின்றோம். பார்த்துக்கொண்டு நின்ற ஒரு பெடியன் உதவி செய்யும் எண்ணத்தோடு வந்தான்.

“அக்கா, பின்பக்கக் கண்ணாடிய உடைச்சுப்போட்டு உள்ள போவம். வயரத் தொட்டா ஸ்டார்ட் வரும்” என்றான்.

“தம்பி, இது அப்பிடி வராது. கண்ணாடிதான் மிச்சத்துக்குப் போகும்” என்றேன்.

அது உண்மை. சிப் உள்ள வாகனத்தில் வயரைத் தொட்டு எஞ்சினை இயக்க முடியாது. உடைத்த கண்ணாடிக்கும் வெட்டிய வயருக்கும் தனியே செலவு செய்யவேண்டி வரும். ஆத்திரத்தில் அவசரப்பட்டு எதையும் உடைக்காதீர்கள் என்பதுதான் நான் முதலில் சொல்ல விரும்புவது.

இரண்டாவது கவலை அதைவிடப் பெரியது. திறப்பு கள்வனின் கையில் இருந்தது. அவன் அந்த வயலுக்குள் நடந்து வந்து பொத்தானை அழுத்தினால் எந்தக் கார் விளக்கைச் சிமிட்டுகின்றதோ அதுதான் அந்தத் திறப்புக்குரிய கார். ஆகவே காரை அப்படியே விட்டுவிட்டுப் போகவும் முடியாது. ஆச்சிக்குத் தெரிந்த ஒரு கமக்காரர் தனது உழவு இயந்திரத்தைக் கொண்டுவந்து காருக்கு முன்னால் குறுக்காக நிறுத்தினார். பின்பக்கம் வரம்பு. “இனி ஆர் கொண்டுபோறான் எண்டு பாப்பம் பிள்ளை” என்றார். அந்த வார்த்தையில்தான் எனக்கு மூச்சு வந்தது.

அதன்பின் நேரே பொலிஸ் நிலையம் சென்று முறைப்பாடு செய்தேன். தொலைந்த பொருட்களின் பட்டியலில் பலர் பணத்தையும் தொலைபேசியையும் சொல்வார்கள், திறப்பைச் சொல்ல மறந்துவிடுவார்கள். நான் வாகன இலக்கத்தைச் சொல்லி, அந்த வாகனத்தின் இலத்திரனியல் திறப்பு என்று எழுதச் செய்தேன். பிற்பாடு அந்த வாகனம் ஏதாவது குற்றத்துக்குப் பயன்பட்டால் எமக்கு இருக்கின்ற பாதுகாப்பு அந்த ஒரு வரிதான். முறைப்பாட்டைத் தமிழில் பதியும்படி கேட்பதற்கு எமக்கு உரிமை உண்டு. எழுதியதை வாசித்துக் காட்டும்படி கேட்டு, சரியென்று கண்ட பின்னரே கையெழுத்து வையுங்கள். பிரதியையும் பெற்றுக்கொள்ளுங்கள். அடையாள அட்டைக்கும் சாரதி அனுமதிப்பத்திரத்துக்கும் மறுபிரதி எடுக்க அதுவே தேவைப்படும்.

முதலில் கேட்கவேண்டிய கேள்வி

அன்றிரவு பக்கத்து வீட்டுத் தொலைபேசியிலிருந்து இரண்டு இடங்களுக்குக் கதைத்தேன். முதலாமவர் நான் சொல்லி முடிக்கவே இல்லை, “காரின்ர கொம்பியூட்டரையே மாத்த வேணும் அக்கா. காரைக் கொழும்புக்கு ஏத்தி அனுப்புங்கோ” என்றார். அவர் சொன்ன தொகை எனது மூன்று மாத லீசிங் தவணையிலும் கூட.

இரண்டாமவர் வவுனியாவில் வேலை செய்கின்ற ஓர் இளைஞர். அவர் விலை சொல்லவில்லை. கேள்வி கேட்டார்.

“அக்கா, இந்தக் காருக்கு வேற ஒரு திறப்பு எங்கயாவது இருக்கோ?”

“லீசிங் எடுக்கேக்க ஒண்ட அவையள் வாங்கி வச்சிருக்கினம் தம்பி.”

“அப்ப ஒருத்தருக்கும் காசு குடுக்காதேங்கோ. முதல்ல அத எடுங்கோ.”

இந்த ஒரு கேள்வியில்தான் முழு விடயமும் அடங்கியிருக்கின்றது. வாகனம் ஏற்றுக்கொள்ளக்கூடிய ஒரு திறப்பு எங்கேயாவது இருந்தால், புதிய திறப்பைச் சேர்ப்பது இலகு. இருக்கின்ற திறப்பு சாட்சி சொல்ல, புதியதை வாகனம் ஏற்றுக்கொள்ளும். ஒரு திறப்புமே இல்லாவிட்டால் சாட்சி சொல்ல ஆளில்லை. பழைய பதிவு முழுவதையும் கருவியின் மூலம் அழித்து, தொடக்கத்திலிருந்து பதியவேண்டும். வேலையும் கூட, செலவும் கூட.

வாகனத்தைத் தவணைக்கு எடுக்கும்போது இரண்டாவது திறப்பைத் தங்களிடம் வைத்துக்கொள்ளும் லீசிங் கொம்பனிகள் உண்டு. அதைப் பலர் மறந்துவிடுகின்றோம். மறுநாள் காலையில் கொம்பனியின் கிளைக்குச் சென்றேன். அடையாள அட்டை இல்லாததால் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, கிராம அலுவலரின் கடிதம், தவணை கட்டிய பற்றுச்சீட்டுகள் ஆகியவற்றைக் கொண்டுபோனேன். எழுத்தில் கோரிக்கை கேட்டார்கள், கொடுத்தேன். பிற்பகலில் திறப்பு கைக்கு வந்தது.

கார் வீடு வந்த பின்னர் அந்த இளைஞர் வந்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கின்ற செருகியில் ஒரு கருவியைப் பொருத்தினார். அந்தக் காரின் நினைவில் எத்தனை திறப்புகள் பதிவாகியிருக்கின்றன என்பதைத் திரையில் எனக்குக் காட்டினார். இரண்டு என்று இருந்தது. தொலைந்ததை அழித்து, புதிதாக ஒன்றைச் சேர்த்தார். மறுபடியும் இரண்டு என்று காட்டினார். ஒரு மணித்தியாலத்துக்குள் வேலை முடிந்தது. முதலாமவர் கேட்ட தொகையில் சிறு பங்குதான் செலவு.

தொலைந்ததை அழித்தல் என்பது மிக முக்கியம். புதிய திறப்பு செய்து கொடுத்துவிட்டுப் பழையதை அழிக்காமல் போகிறவர்களும் உண்டு. அப்படியானால் எங்கோ ஒருவனின் கையில் இருக்கின்ற திறப்பு இன்னமும் எங்கள் வாகனத்தை இயக்கும். அழித்த பின்னர் அந்தத் திறப்பால் எஞ்சினை இயக்க முடியாது. ஆனால் அதற்குள் செருகியிருக்கும் இரும்புத் திறப்பு கதவை இன்னமும் திறக்கும். ஆகவே வாகனத்துக்குள் பணமோ, ஆவணமோ வைக்கவேண்டாம். முடிந்தால் கதவின் பூட்டையும் மாற்றிவிடுவது நல்லது.

ஒரு திறப்புமே இல்லாவிட்டால்

அப்போதும் நம்பிக்கை இழக்கவேண்டியதில்லை. வேலை தெரிந்தவர் கதவின் பூட்டைக் கொண்டே இரும்புத் திறப்பின் வெட்டைக் கண்டுபிடிப்பார். கண்ணாடி உடைக்கத் தேவையில்லை. அதன்பின் கருவியைப் பொருத்திப் பழைய பதிவுகளை அழித்து, புதிய திறப்புகளைப் பதிவார். சில வாகனங்களில் இதற்குக் கால் மணித்தியாலத்துக்கு மேல் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். இடையில் பற்றரி இறங்கிவிடக்கூடாது என்பதற்காக இன்னொரு பற்றரியைத் துணைக்குப் பொருத்துவார்கள். ‘கொம்பியூட்டரையே மாற்றவேண்டும்’ என்று எடுத்த எடுப்பில் சொல்பவரை உடனே நம்பவேண்டாம். அப்படி மாற்றவேண்டிய வாகனங்களும் இருக்கலாம். ஆனால் வாகனத்தைப் பார்க்காமல் அதைச் சொல்லமுடியாது. குறைந்தது இரண்டு பேரிடமாவது கேளுங்கள்.

வாகனத்தை அவரிடம் கொண்டுபோவதைவிட அவரை வாகனத்திடம் அழைப்பதே புத்தி. திறப்பு இல்லாத வாகனத்தின் ஸ்டியரிங் பூட்டிக்கொண்டிருக்கும், கியரும் அசையாது. அதைக் கயிறு கட்டி இழுத்தால் சேதம் வரும். அதிலும் அக்குவா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் வாகனங்களை முன்சக்கரம் நிலத்தில் உருள இழுக்கவே கூடாது. சக்கரத்தோடு உள்ளேயிருக்கும் மின்மோட்டாரும் சுழன்று பழுதாகும். ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். அந்த ஏற்றுக்கூலியை விட, வருபவரின் பஸ் காசும் மதியச் சாப்பாடும் மலிவு.

யாருடைய பெயரில் இருக்கின்றது?

வவுனியா இளைஞர் தொலைபேசியில் கேட்ட இரண்டாவது கேள்வி இது.

“வாகனம் உங்கட பேரிலயோ அக்கா? கோவிக்காதேங்கோ. புத்தகத்தின்ர பிரதி பாக்காம நான் கை வைக்க மாட்டன்.”

எனக்குக் கோபம் வரவில்லை. ஆவணம் கேட்காமல் திறப்பு செய்து கொடுப்பவர், நாளை எங்கள் வாகனத்துக்குக் கள்வனுக்கும் செய்து கொடுப்பார். கேட்பவர்தான் நம்பத்தகுந்தவர். பதிவுச் சான்றிதழில் பதிவுசெய்த உரிமையாளராக எனது பெயர் இருந்தது. லீசிங் முடியும்வரை கொம்பனியின் பெயரும் அதில் இருக்கும். அது வழமை. எனது பெயர் அதில் இருந்ததால் லீசிங் அலுவலகத்திலும் பொலிஸிலும் நான் நிமிர்ந்து நின்று கதைக்க முடிந்தது.

எனக்குத் தெரிந்த இன்னொரு சகோதரிக்கு அது முடியவில்லை. அவர் பழைய உரிமையாளரின் கையெழுத்து மட்டும் வைத்த படிவத்தோடு, ஓப்பின் பேப்பர் என்று நாங்கள் சொல்கின்ற முறையில், ஒரு சிறிய வானை வாங்கியிருந்தார். பெயர் மாற்றும் செலவை மிச்சம் பிடிக்கலாம் என்று விற்றவர் சொல்லியிருக்கின்றார். திறப்பு தொலைந்தபோது திறப்புக்காரர் ஆவணம் கேட்டார். புத்தகத்தில் இருந்தது மூன்று கைக்கு முந்திய உரிமையாளரின் பெயர். அவரைத் தேடிப் பிடிப்பதற்குள் ஐந்து வாரம் போனது. பாடசாலைப் பிள்ளைகள் வேறு வானுக்கு மாறிவிட்டார்கள். திறப்பின் செலவைவிட அந்த ஐந்து வாரத்தின் இழப்பு பெரிது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களே கைமாறிக் கைமாறி ஓடின. ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஒரு திறப்பு குறைகின்றது, ஒரு கடதாசி குறைகின்றது. வாங்குபவர் பெண்ணாக இருந்தால் ‘இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு அக்கா’ என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். சொல்பவர் சொல்லட்டும், நாங்கள் கேட்டு வாங்கவேண்டும்.

இன்னொரு நிலையும் எமது பெண்களுக்கே உரியது. வாகனம் கணவரின் பெயரில் இருக்கும், கணவர் காணாமல் ஆக்கப்பட்டிருப்பார். மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாது. எடுக்கச் சொல்லி எவரும் வற்புறுத்தவும் கூடாது. 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் காணாமற்போனமைக்கான சான்றிதழ் ஒன்றைப் பெறுவதற்கு ஏற்பாடு செய்யப்பட்டது. இது மரணச் சான்றிதழ் அல்ல. காணாமற்போனவரின் சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிப்பது, உதவிகளுக்கு விண்ணப்பிப்பது போன்றவற்றுக்கு இதைப் பயன்படுத்தலாம். வாகனம் தொடர்பில் உங்கள் நிலைமைக்கு என்ன செய்யலாம் என்பதைச் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் கேளுங்கள். திறப்பு தொலைந்த பின்னர் ஓடுவதைவிட, இருக்கும்போதே கேட்டு வைப்பது நல்லது.

பற்றரியா, திறப்பா?

எல்லா வேளையிலும் திறப்பு பழுது என்று அர்த்தமில்லை. பொத்தான் மெல்ல மெல்ல வேலை செய்யாமல் போனால், அருகில் போனால் மட்டும் கதவு திறந்தால், பெரும்பாலும் உள்ளேயிருக்கும் பற்றரி தீர்ந்திருக்கும். இதற்குப் புதிய திறப்பு வாங்கச் சொல்லி ஏமாற்றப்பட்ட பெண்களை எனக்குத் தெரியும்.

அந்தப் பற்றரி நாணயம்போல் வட்டமாக இருக்கும். அதன் மேல் சி.ஆர். 2032 என்பதுபோல் ஓர் இலக்கம் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் 20 மில்லிமீற்றர் அகலம், மற்றைய இரண்டும் 3.2 மில்லிமீற்றர் தடிப்பு. சி.ஆர். 2016 என்றால் அகலம் அதேதான், தடிப்பு 1.6 மில்லிமீற்றர். இரண்டும் 3 வோல்ற் என்பதால் ஒன்றுக்குப் பதிலாக மற்றதைத் தந்துவிடுவார்கள். சரியாகப் பொருந்தாது. பழையதைக் கொண்டுபோய் அதே இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். மணிக்கூடு திருத்தும் கடையிலும் கிடைக்கும். பிள்ளைகள் விழுங்கிவிட்டால் உயிராபத்து என்பதால் பழையதைக் கண்ட இடத்தில் வீசவேண்டாம்.

பற்றரி முழுதாகத் தீர்ந்து நடுவழியில் நின்றாலும் வழி உண்டு. பொத்தான் திறப்புக்குள்ளே ஓர் இரும்புத் திறப்பு ஒளிந்திருக்கும். பக்கத்திலுள்ள சிறு பிடியைத் தள்ளினால் வெளியே வரும். அதனால் கதவைத் திறக்கலாம். பின்னர் பிரேக்கை மிதித்து, திறப்பை எஞ்சின் பொத்தானோடு ஒட்டிப் பிடித்து அழுத்தினால் பெரும்பாலான வாகனங்கள் இயங்கும். இதை வீட்டு முற்றத்தில் ஒருநாள் செய்து பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள்.

திறப்பின் கூடு மட்டும் உடைந்தால் கூட்டை மாத்திரம் மாற்றலாம். ஆனால் ஒரு கவனம். சில திறப்புகளில் சிப், பொத்தான்கள் இருக்கும் தகட்டில் இராமல், கூட்டின் மூலையில் அரிசிமணியைவிடச் சற்றுப் பெரிய கறுப்புத் துண்டாக ஒட்டியிருக்கும். பழைய கூட்டை எறியும்போது அதையும் சேர்த்து எறிந்துவிட்டால், கதவு திறக்கும், எஞ்சின் வராது. பழைய கூட்டைக் கையோடு கேட்டு வாங்கி வாருங்கள்.

செய்து வைக்கவேண்டியவை

1. வாகனம் வாங்கும்போது இரண்டு திறப்பும் கேளுங்கள். ஒன்றுதான் இருக்கின்றது என்றால் இன்னொன்று செய்யும் செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். திறப்பின் இலக்கம் பொறித்த சிறு தகடு இருந்தால் அதையும் வாங்குங்கள். அதைத் திறப்போடு கோத்து வைக்காமல் வேறிடத்தில் வையுங்கள்.

2. இரண்டாவது திறப்பை நம்பிக்கையான ஒருவரின் வீட்டில் வையுங்கள். ஒரே வீட்டில், ஒரே கொளுக்கியில் இரண்டும் தொங்கினால் இரண்டு இருந்தும் ஒன்றுதான். இடைக்கிடை அதனாலும் வாகனத்தை இயக்கிப் பாருங்கள்.

3. லீசிங் கொம்பனி திறப்பை வாங்கினால் அதற்கு எழுத்தில் பற்றுச்சீட்டு கேளுங்கள். கடைசித் தவணை கட்டிய அன்று பதிவுச் சான்றிதழோடு திறப்பையும் கேட்டு வாங்குங்கள்.

4. பதிவுச் சான்றிதழ், வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, அடையாள அட்டை ஆகியவற்றின் பிரதிகளை வீட்டில் ஒரு கோவையில் வையுங்கள். காப்புறுதிப் பத்திரத்தில் திறப்பு இழப்புக்கு ஏதாவது உண்டா என்று முகவரிடம் கேளுங்கள்.

5. வாகன இலக்கத்தையும் வீட்டு விலாசத்தையும் திறப்பில் எழுதித் தொங்கவிட வேண்டாம். நல்லவர் கையில் கிடைத்தால் நன்மைதான், மற்றவர் கையில் கிடைத்தால் வழிகாட்டி.

6. புதிய திறப்பு செய்தால் எத்தனை திறப்பு பதிவாகியிருக்கின்றது என்று உங்கள் கண்ணால் பார்த்த பின்னரே பணம் கொடுங்கள். வேலை செய்தவரின் பெயர், திகதி, தொகையோடு பற்றுச்சீட்டு பெறுங்கள்.

சகோதரிகளே, எங்களிடம் இருந்த எத்தனையோ பொருட்களுக்குச் சாட்சியும் இல்லை, கடதாசியும் இல்லை. அவற்றை எமது என்று நிரூபிக்க முடியாமல் எத்தனை கந்தோர்ப் படி ஏறி இறங்கினோம் என்பது எங்களுக்குத்தான் தெரியும். இப்போது உழைத்து வாங்குகின்ற பொருளையாவது அப்படி விடக்கூடாது. திறப்பு தொலையலாம், கள்வன் எடுக்கலாம், வெள்ளம் கொண்டுபோகலாம். பணம் கொடுத்தால் இன்னொன்று செய்யலாம். ஆனால் புத்தகத்தில் உங்கள் பெயர் இருந்தால்தான் அந்தப் பணத்துக்கும் பலன் உண்டு. இந்த இதழை வாசித்து முடித்ததும் அலுமாரியைத் திறந்து, உங்கள் வாகனப் புத்தகத்தை எடுத்து, அதில் யாருடைய பெயர் இருக்கின்றது என்று ஒருமுறை பாருங்கள்.